அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் நாளை நினைத்து வீட்டை வாடகைக்கு விடுங்கள்!

ரிட்டையர்மென்ட் பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, வாடகைக்கு விட்டு, மாதா மாதம் வரும் பணத்தில் காலத்தை ஓட்டிவிடலாம் என்பது நம்மூர் நடுத்தரக் குடும்பங்களின் பழைய கணக்கு. ஹவுஸ் ஓனர் என்றாலே வசதியானவர் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. ஆனால், 5-ம் தேதி வாடகை வந்தால்தான் பிரஷர் மாத்திரை வாங்க முடியும் என்ற நிலையில் இருக்கும் ஓனர்கள் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தகராறு என்பது ஆறு மாத நிம்மதி.

அந்தத் தகராறு பெரும்பாலும் குடிவரும் நாளில் வருவதில்லை. பால் காய்ச்சும் அன்று எல்லோரும் நல்லவர்கள்தான். வீட்டைக் காலி செய்யும் அன்று, 'அட்வான்ஸ் எங்கே?' என்று கேட்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. காரணம், அந்தப் பணம் அநேகமாகக் கையில் இருக்காது. மகள் கல்யாணத்துக்கோ, மாடிக்கு டைல்ஸ் போடவோ எப்போதோ செலவாகியிருக்கும். அடுத்து வருபவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் இவருக்குக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் வர இரண்டு மாதம் தள்ளிப்போனால்? அங்கேதான் வாய்ச்சண்டை, பிறகு போலீஸ் ஸ்டேஷன்.

10 மாதமா, 3 மாதமா?

சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது ரொம்ப நாள் பழக்கம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், 'இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதபட்சத்தில்' மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது.

அதிக அட்வான்ஸ் வாங்குவது ஓனருக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால் அது ஒரு கடன். 12,000 ரூபாய் வாடகைக்கு 10 மாதம் என்றால் 1,20,000 ரூபாய். மூன்று மாதம் என்றால் 36,000 ரூபாய். திடீரென்று ஒரு நாள் புரட்ட வேண்டியிருந்தால் இதில் எது உங்களால் முடியும்? எவ்வளவு வாங்கினாலும் சரி, அதை அப்படியே ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். வட்டி உங்களுக்கு, அசல் அவருக்கு.

இதே கணக்கை 'லீஸுக்கு' விடுபவர்களும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒத்தி, போக்கியம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மாத வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மூன்று வருடம் கழித்து அப்படியே திருப்பித் தர வேண்டும். 12,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டை 10 லட்சம் ரூபாய்க்கு லீஸுக்கு விடுகிறீர்கள் என்று வையுங்கள். இழக்கும் வாடகை வருடத்துக்கு 1,44,000 ரூபாய். அந்த 10 லட்சத்தை 7% வட்டியில் பேங்க்கில் போட்டால் கிடைப்பது 70,000 ரூபாய். பாதிகூட இல்லை! வெளியில் ஒன்றரை வட்டிக்கு 10 லட்சம் கடன் வாங்கி, வருடத்துக்கு 1,80,000 ரூபாய் வட்டி கட்டுபவர் அதை அடைக்க லீஸுக்கு விட்டால் அர்த்தம் இருக்கிறது. ஆனால் மூன்றாவது வருடம் அந்த 10 லட்சத்துக்கு எங்கே போவது என்பதையும் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால்...

'13,000 ரூபாய்க்குக் குறைத்து விடவே மாட்டேன்' என்று டு-லெட் போர்டோடு காத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன கணக்கு. இன்றைக்கே 12,000 ரூபாய்க்கு ஒரு நல்ல குடும்பம் வருகிறது. நீங்கள் வேண்டாம் என்று சொல்லி, ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்து, பிறகு 13,000 ரூபாய்க்கு ஆள் கிடைக்கிறது. விட்ட 12,000 ரூபாயை மாதம் ஆயிரமாகத் திரும்ப எடுக்க முழுதாக ஒரு வருடம் ஆகும். அதற்குள் அவரே காலி செய்துவிட்டால் நஷ்டம்தான். ஒழுங்காக வாடகை தரும் பழைய ஆளிடம் ஏரியா ரேட்டைக் காட்டி திடீரென்று இரண்டாயிரம் ஏற்றுவதும் இதே ரகம்தான். வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவோம் என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிட்டால் பேச்சு மிச்சம்.

பேப்பரில் என்ன இருக்க வேண்டும்?

20 ரூபாய் பத்திரத்தில் 11 மாத அக்ரிமென்ட் போட்டுக் கையெழுத்து வாங்கினால் போதும் என்பதுதான் இன்னமும் பலரின் நினைப்பு. 2019 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இதற்காக அரசு தனி இணையதளமே வைத்திருக்கிறது. பதிந்ததும் ஒரு பதிவு எண் கிடைக்கும். இது வாடகைதாரருக்கான சலுகை என்று நினைத்து ஒதுங்கும் ஓனர்கள் உண்டு. நாளை வாடகை பாக்கிக்காக நீங்கள் போய் நிற்கும்போது முதலில் கேட்கப்போவது இந்த பேப்பரைத்தான்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாடகை வீட்டில் இருப்பவள். முன்பு இருந்த வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சுவரில் நான் குடிபோன மழைக்காலத்திலேயே ஓதம் ஏறியிருந்தது. சொன்னேன், நிரூபிக்க என்னிடமும் எதுவும் இல்லை, அவர்களிடமும் எதுவும் இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது: சாவி கொடுக்கும் அன்று, காலி வீட்டை இருவருமாகச் சுற்றிவந்து மொபைலில் ஒரு வீடியோ எடுங்கள். எத்தனை ஃபேன், எத்தனை லைட், கீஸர் ஓடுகிறதா, பாத்ரூம் குழாய் சொட்டுகிறதா, எந்தச் சுவரில் ஓதம், ஈ.பி மீட்டர் ரீடிங் என்ன... எல்லாம் அதில் வரட்டும். அதை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிட்டால் தேதியும் பதிவாகிவிடும். பெயின்ட்டிங்குக்குப் பிடிப்பதாக இருந்தால் எத்தனை மாதம் இருந்தால் எவ்வளவு என்று அக்ரிமென்ட்டில் ரூபாயாகவே எழுதுங்கள்.

குடிவருபவரின் ஆதார் நகல், வேலை விவரம் வாங்கிக்கொள்வதும், லோக்கல் போலீஸ் ஸ்டேஷனில் வாடகைதாரர் விவரம் கொடுப்பதும் புரோக்கரின் வேலை இல்லை, உங்கள் வேலை. முந்தைய ஹவுஸ் ஓனருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது இவை எல்லாவற்றையும்விடப் பலன் தரும். சாதி, சாப்பாடு, தனியாக இருக்கும் பெண்ணா என்றெல்லாம் விசாரிப்பவர்கள் 'வாடகை ஒழுங்காகத் தந்தாரா?' என்ற ஒரே கேள்வியை விட்டுவிடுவதுதான் வேடிக்கை.

கோபத்தில் செய்யக் கூடாதது

வாடகை வரவில்லை என்றதும் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, வெளியே போயிருக்கும்போது பூட்டுப் போடுவது... வேண்டவே வேண்டாம். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்க ஓனருக்கு உரிமை இல்லை என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் போனால், பாக்கி வைத்த அவர் புகார்தாரர், நீங்கள் எதிர்த்தரப்பு! பாக்கியை எழுத்தில் கேட்டு நோட்டீஸ் கொடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம். வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தாலும் 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும். உங்கள் வீடேதான், ஆனாலும் இப்போது அது இன்னொருவர் குடியிருக்கும் இடம்.

கரன்ட் பில் இன்னொரு தலைவலி. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று இஷ்டத்துக்கு ரேட் போடுவதைவிட, வந்த பில்லைக் காட்டி, ஓடிய யூனிட்டுக்கு ஏற்ப பிரித்துக்கொண்டால் முணுமுணுப்பு இருக்காது. தண்ணி லாரிச் செலவு யாருடையது என்பதையும் கோடை வருவதற்கு முன் பேசிவிடுங்கள்.

வருமான வரி பற்றி ஒரு வார்த்தை. மாதம் 12,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,44,000 ரூபாய். நீங்கள் கட்டிய சொத்து வரி 4,000 ரூபாய் என்று வைத்துக் கழித்தால் 1,40,000 ரூபாய். அதில் 30%, அதாவது 42,000 ரூபாய், எந்த பில்லும் காட்டாமல் கழிந்துவிடும். மீதி 98,000 ரூபாய்தான் வருமானக் கணக்கில் சேரும். பெயின்ட், பிளம்பர் செலவெல்லாம் அந்த 30 சதவிகிதத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் தனியாகக் காட்ட முடியாது. வீட்டுக் கடன் வட்டி இருந்தால் அதையும் கழிக்கலாம். வாடகையைக் கையில் வாங்காமல் பேங்க் மூலம் வாங்கினால் யார் எந்த மாதம் தரவில்லை என்ற பேச்சே வராது.

காலி செய்யும் நாள் வந்ததும், பொருட்களை ஏற்றிய பிறகு பழைய வீடியோவைப் போட்டுக்கொண்டு அதேபோல வீட்டைச் சுற்றி வாருங்கள். மீட்டர் ரீடிங் எடுத்து, பாக்கி கரன்ட் பில், பிடித்தம், மீதி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு, மொட்டைமாடி சாவி, கேட் சாவி உட்பட எல்லாச் சாவிகளையும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ், ஆதார் முகவரியை மாற்றச் சொல்லவும் அன்றைக்கே ஞாபகப்படுத்திவிடுங்கள்.