நலமான சிறுநீரகமும் நாமாக வாங்கும் மாத்திரையும்

காலடிப்பேட்டையில் மாலை வேளையில் ஏதேனும் ஒரு மருந்துக் கடையின் முன் சற்று நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, காய்ச்சலு, உடம்பு வலி. ரெண்டு வேளைக்கு செட் குடுங்க" என்ற குரல் கட்டாயம் கேட்கும். சிறிய காகித உறையில் நான்கைந்து மாத்திரைகள் வந்து சேரும். காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, வயிற்றெரிச்சல் வராதிருக்க ஒன்று. பல வேளைகளில் கூடவே ஓர் ஆன்டிபயாடிக். வாங்கிச் செல்பவர் மறுநாள் விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலோ மணலித் தொழிற்சாலையிலோ வேலைக்கு நின்றாக வேண்டியவர். ஒரு நாள் கூலியை இழக்க அவரால் இயலாது. அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

ஆயினும் வாசகர்களே, "நோய் நொடியில்லாத உடம்பை இந்த மாத்திரை என்ன செய்துவிடும்?" என்று அவர் கேட்டால், விடையை இரண்டு பகுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதற்பகுதி ஆறுதலானது. மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சொன்ன அளவில், சொன்ன நாட்கள் வரை உட்கொள்ளும் நலமான மனிதரின் சிறுநீரகத்துக்குப் பெரும்பாலும் எந்தக் கேடும் நேர்வதில்லை. ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு, பிள்ளைக்கு நடந்துகொண்டிருக்கும் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாம் பகுதிக்குச் சிறுநீரகத்தின் வேலையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடித்தெடுத்து, ஒன்றிரண்டு லிட்டரைத் தவிர மற்றதையெல்லாம் இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. நாம் விழுங்கும் மருந்துகள் பலவும் உடலை விட்டு வெளியேறும் வாசலும் இதுவே. கழிவுநீர் போகும் குழாயில் எது அடைத்தாலும் முதலில் பாதிக்கப்படுவது குழாய்தானே!

ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசி மருந்துகள் இந்த நுண்குழாய்களின் உயிரணுக்களுக்குள் சிறிது சிறிதாகச் சேர்ந்துவிடுகின்றன. பெரும்பாலும் ஐந்தாறு நாட்களுக்குப் பின்னரே பாதிப்பு தெரியவரும். அப்போதும் சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கலாம். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு மட்டும் ஏறியிருக்கும். உரிய நேரத்தில் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர்.

பென்சிலின் இனத்து மருந்துகளும் சிப்ரோஃப்ளாக்சசினும் வேறு வகை. இவை மிகச் சிலருக்கு ஒவ்வாமையால் சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்கும். மருந்தின் அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இன்னாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. உடலில் தடிப்பு, விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி ஆகியவை சிலரிடம் தோன்றும். பலரிடம் எதுவுமே தோன்றாது. சல்ஃபா மருந்துகளில் சில, போதிய தண்ணீர் குடிக்காதவரின் சிறுநீரில் படிகங்களாக உறைந்துவிடும்.

இத்தனையும் தனித்தனியே அரிதானவைதாம். ஆனால் அந்தக் காகித உறையை மீண்டும் பாருங்கள். அதிலுள்ள டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. உடலில் நீர் நிறைந்திருக்கும்போது நலமான சிறுநீரகம் அதைச் சமாளித்துவிடும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ கண்டு, சித்திரை வெயிலில் வியர்த்து, வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரையும் குறைத்துக்கொண்டவரிடம் அந்தத் தாங்கும் வலு இராது. நம் பெண்களில் எத்தனை பேர் இந்தக் காரணத்துக்காகவே நாள் முழுதும் தண்ணீர் குடியாமல் இருக்கிறார்கள்! மருந்து, வறட்சி, வலி மாத்திரை என்ற மூன்றும் ஒருங்கே சேரும்போதுதான் நலமாயிருந்தவரும் மருத்துவமனைப் படுக்கைக்கு வந்துசேர்கிறார்.

ரமலானில் இதை இன்னும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் உட்கொள்ளும் நிலையில் நோன்பு வைக்கலாமா, நோன்பு திறந்தபின்னும் ஸஹரிலும் மருந்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். காய்ச்சலும் பேதியும் உள்ளவர் நோன்பைப் பின்னொரு நாளில் நோற்க மார்க்கமே இடமளித்திருக்கிறது. "என்ன ஆனாலும் விடமாட்டேன்" என்று பிடிவாதம் பிடிக்கும் அத்தாமார்களுக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

சட்டமும் இருக்கத்தான் செய்கிறது. 2014 மார்ச் முதல், செஃபிக்ஸிம் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது என்பதோடு, விற்றதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். மருந்து அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாதது என்று 2016இல் மத்திய அரசு விளம்பரமும் செய்தது. நம் தெருக்களில் அந்தக் கோட்டைக் கவனிப்பவர் குறைவு.

மருத்துவரிடம் செல்லும்போது முன்பே விழுங்கியவற்றின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ, ஓயாமல் குமட்டினாலோ, தடிப்பு எழுந்தாலோ நாளைக் கடத்தாதீர்கள். கிரியேட்டினின் சோதனை ஓர் எளிய இரத்தப் பரிசோதனை. பக்கத்து இராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது.

இறுதியாக, வீட்டு அலமாரியில் சென்ற ஆண்டின் மிச்ச மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிஸ்கட் டப்பா. 1963இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு விந்தையைப் பதிவு செய்தனர். காலாவதியாகிக் கெட்டுப்போன டெட்ராசைக்ளினை உண்டவர்களின் சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் உப்புகளும் கொட்டிக்கொண்டிருந்தன. மருந்தை நிறுத்தியபின் மெல்லத் தேறினார்கள். பின்னர் அம்மாத்திரையின் தயாரிப்பு முறையே மாற்றப்பட்டது. உங்கள் டப்பாவில் இருப்பவற்றின் தேதியை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.