தென்னமரத்துச் செம்பனை

கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டம் தெரியும்தானே? பேரில்தான் தென்னை. நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டது அங்கேதான், 1917-இல்! சரி, அந்தச் செம்பனைப் பூவைக் காய்க்க வைப்பது யார்?

காற்றுதான் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். ஆனால் இங்கே காய்ப்பு போதவில்லை. அதனால் தோட்டத் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய், மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற தூளில் கலந்து பெண்பூ மேல் ஊதினார்கள். தோட்டத்தில் வேலை செய்த பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கதை கதையாக வரும்.

பிறகு டாக்டர் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவின் கெமரூனுக்குப் போய் உற்றுப் பார்த்தார். அங்கே அந்த வேலையைச் செய்தது அரிசிமணி அளவுகூட இல்லாத ஒரு கூன்வண்டு! 1981-இல் அதை மலேசியத் தோட்டத்தில் பறக்க விட்டார்கள்.

அதற்குச் சாப்பாடு, குடித்தனம் எல்லாம் ஆண்பூவில்தான். பெண்பூ லேசுப்பட்டதா? ஆண்பூவின் அதே சோம்பு வாசனையை வீசி வண்டை ஏமாற்றி வரவழைக்கும். வண்டு வெறும் வயிற்றோடு திரும்பும். உடம்பில் ஒட்டிய மகரந்தம் மட்டும் பூவில் தங்கிவிடும்.

அடுத்த முறை செம்பனை பூத்திருந்தால் கிட்டப் போய் முகர்ந்து பாருங்கள். முள் கவனம்!