மணமக்களுக்கு ஓர் இணைக் கிண்ணம்

பெங்களூரில் 1809-ஆம் ஆண்டில் கண்டோன்மெண்ட் அமைந்தபின், பட்டாளத்தையும் அதைச் சார்ந்த தொழில்களையும் நம்பித் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியார் இன்றும் வாழ்ந்துவருகிற ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் முதலிய பகுதிகளில், விவாகத்துக்குப் பாத்திரம் அளிக்கும் சம்பிரதாயம் இன்னும் மறைந்துவிடவில்லை. கொடுப்பவரின் பெயரையும் முகூர்த்தத் தேதியையும் விளிம்பில் வெட்டித் தரும் பாத்திரக் கடைகளும் இருக்கின்றன. அன்போடு வெட்டப்பட்ட அந்தப் பெயர்களுள் எத்தனையோ, ஒன்றைப் போலவே ஒன்றாக வந்து சேர்ந்த எவர்சில்வர்க் குடங்களோடு பரணில் ஏறிவிடுகின்றன என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. தம்பதிகளின் கையில் நாள்தோறும் புழங்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பாத்திரத்தைத் தேர்ந்து கொடுக்கும் ஜப்பானிய வழக்கம் ஒன்றை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புவதற்கு அதுவே காரணம்.

அங்கேயும் மொய் உண்டு. நாம் 101, 501 என்று ஒரு ரூபாய் கூட்டி வைப்பது போல, அவர்களும் இரண்டாகச் சமமாய்ப் பிரிக்க இயலாத தொகையே மங்களகரமானது என்று கருதி, பெரும்பாலும் 30,000 யென்னைப் புத்தம்புது நோட்டுகளாக உறையிலிட்டுத் தருகிறார்கள். பொருளாகவே கொடுக்க விரும்பும் நெருங்கியவர்கள் நாடுவனவற்றுள் ஒன்று, 'மெயோதோ' என வழங்கும் இணைக் கிண்ணம். ஜப்பானிய இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் தமக்கென்று தனிக் கிண்ணம் இருப்பதால், இவ்விணையைப் பெறும் தம்பதிகள் தங்கள் புது இல்லத்தின் முதல் உணவுக்கே அதை எடுத்துக்கொள்ளலாம். உடையும் பொருளும் கத்தியும் விவாகத்துக்கு ஆகா என்ற பழைய நம்பிக்கை அங்கும் இருந்ததுண்டு. இப்போது அரித்தா நகரத்துப் பீங்கானும் தாராளமாக வழங்கப்படுகிறது; ஆயினும், கீழே விழுந்தாலும் பீங்கானைப் போல நொறுங்காத மரக் கிண்ணமே எனக்கு அதிகம் உவப்பானது.

அம்மரக் கிண்ணங்களில் பெரும் புகழ் வாய்ந்தவை, நோட்டோ தீபகற்பத்தில் கடலோரமாக அமைந்துள்ள வாஜிமா நகரத்தவை. மரத்தைக் கடைந்து மெல்லிய கிண்ணமாக்கி, எளிதில் பின்னமாகக்கூடிய விளிம்பிலும் அடியிலும் துணியை ஒட்டி, அவ்வூரிலேயே தோண்டி எடுக்கும் ஒருவகை மண்ணைச் சுட்டுப் பொடித்து அரக்குப் பாலில் குழைத்துப் பூசி, உலர்த்தி, தேய்த்து, மீண்டும் பூசி, இவ்விதமாக நூற்றுக்கு மேற்பட்ட படிகளைப் பல கைவினைஞர் பகிர்ந்து செய்து முடிக்கிறார்கள். 'உருஷி' என்னும் அந்தப் பால் ஒரு மரத்தின் பட்டையைக் கீறி எடுப்பது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரம், ஒரே பருவத்தில் ஏறக்குறைய 200 கிராம் பாலைத் தந்துவிட்டு வெட்டுண்டு போகிறது. மற்றப் பூச்சுகள் உலர்ந்த காற்றையும் வெயிலையும் வேண்டும்போது, இதுவோ ஈரக் காற்றில்தான் இறுகும். ஆகையால் பூசிய கிண்ணங்களை ஈரமூட்டிய அலமாரிகளில் வைத்துக் காக்கிறார்கள். நன்கு இறுகியபின் புளிப்பும் உப்பும் அதை எளிதில் அண்டுவதில்லை. சூடான சாற்றை ஊற்றினாலும் கை சுடுவதில்லை. நம் வீட்டு ரசத்துக்கு இதைவிடத் தகுந்த கிண்ணம் ஏது?

ஆனால் என் மனத்தை மிகவும் கவர்ந்தது இவற்றுள் எதுவுமன்று. பல ஆண்டு உபயோகத்தால் பூச்சுத் தேய்ந்தாலும் விளிம்பு சிதைந்தாலும், கிண்ணத்தை வாஜிமாவுக்கே திருப்பியனுப்பிப் புதிதாகப் பூசுவித்துக்கொள்ளலாம். அங்கே அது தொழிலின் ஓர் அங்கமாகவே நடந்துவருகிறது. இந்த ஏற்பாடு நமக்கும் அந்நியமானதன்று. பித்தளையில் வைத்த புளி களிம்பேறி நஞ்சாகுமென்று, கலாய் பூசுபவர் தெருவில் குரல் கொடுத்தவுடனே பாட்டிமார் சீர்ப் பாத்திரங்களை எடுத்து வந்து உள்ளே ஈயம் பூசுவித்துக்கொண்ட காலம் அவ்வளவு தொலைவில் இல்லை. ஒரு பாத்திரம் குடும்பத்தோடு நாற்பது ஐம்பது ஆண்டுகள் கூட வருவதற்கு, அதைச் செப்பனிடத் தெரிந்த கை எங்கேனும் உயிரோடிருக்க வேண்டும். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோவை உலுக்கிய பூகம்பமும், வாஜிமாவின் காலைச் சந்தைப் பகுதியை எரித்த தீயும் கைவினைஞர் பலரின் பட்டறைகளையும் வீடுகளையும் அழித்தன என்ற செய்தி, இக்காரணத்தாலேயே என்னை மிகவும் வாட்டியது. இந்நாளில் அவ்வூர்க் கிண்ணம் ஒன்றை வாங்குவது அத்தொழிலுக்கு நேரான உதவியாகும்.

நம் பக்கத்திலோ, பாத்திரச் சீரின் பெருமையில் செட்டிநாட்டாரை மிஞ்சியவர் இல்லை. அங்கே பர்மாவின் அரக்குச் சாமான்களும், ஜப்பான், ஸ்வீடன் முதலிய தேசங்களின் எனாமல் பாத்திரங்களும் மகளோடு அடுக்கடுக்காகச் சென்றன. அவற்றுள் பல இன்று காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன. அறை நிறையக் கொடுப்பதைவிட, கைக்கு அடங்கக் கொடுப்பதே மேல் என்று நான் கருதுகிறேன்.

அசல் வாஜிமாக் கிண்ணத்தின் விலை எல்லாருக்கும் எட்டாது. அது எட்டாதவர்கள் பெங்களூரிலிருந்து மைசூர்ச் சாலையில் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் சென்றால் சன்னபட்டணம் வரும். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் சூட்டில் அது உருகிப் படியச் செய்து, தாழை ஓலையால் மெருகேற்றுகிறார்கள். ஆனால் இது பூச்சிகள் தரும் அரக்கு. சூடு பட்டால் இளகிவிடும். ஆகையால் குங்குமச் சிமிழ், உலர்ந்த பண்டம் வைக்கும் கிண்ணம் போன்றவற்றுக்கே இதைக் கொள்ள வேண்டும். ரசத்துக்கு நம் ஈயச் சொம்பு இருக்கவே இருக்கிறது. அதைக் கொடுப்பவர், வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும் என்பதையும், ஜப்பானியக் கிண்ணத்தைக் கொடுப்பவர், நெடுநேரம் நீரில் ஊற வைக்காமல் மெல்லிய துணியால் கழுவித் துடைத்து வைக்க வேண்டும், மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாகாது என்பதையும் ஒரு காகிதத்தில் தம் கைப்பட எழுதி, செய்த பட்டறையின் விலாசத்தோடு பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பது நலம்.