வெறி அதேதான், தண்டனைதான் வேறு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓஹியோ ஸ்டேட், மிஷிகன் அணிகளின் பகை பற்றிப் பேச்சு வந்தால் பழைய ரசிகர்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்தக் காலத்தில் எவ்வளவு முட்டிக்கொண்டாலும் ஒரு மரியாதை இருந்தது என்பார்கள். 2024 நவம்பரில் இரு அணிகளும் கைகலந்ததற்குப் பிறகு இந்தப் பேச்சு இன்னும் பலமாகிவிட்டது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

1973-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு அணிகளும் அதுவரை தோற்காமல் வந்திருந்தன. மிஷிகனின் ஊரான ஆன் ஆர்பர் மைதானத்தில் அதன் வீரர்கள் நுழையும்போது, அவர்களுக்காகத் தூக்கிப் பிடித்திருக்கும் பெரிய பதாகையைத் துள்ளித் தொட்டுவிட்டு அதன் கீழே ஓடுவது வழக்கம். அன்று ஓஹியோ ஸ்டேட் வீரர்கள் முந்திக்கொண்டு ஓடி வந்து அந்தப் பதாகையைப் பிடித்து இழுத்துக் கீழே சாய்த்தார்கள். லட்சம் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் 10-10 என்று சமனில் முடிந்தது. எதிராளியின் அடையாளத்தின் மேல் கை வைப்பது நேற்று முளைத்த பழக்கம் அல்ல.

பதாகையைச் சாய்த்த அணியின் கோச் வுடி ஹேய்ஸ். 1951 முதல் 28 சீசன்கள் ஓஹியோ ஸ்டேட்டை நடத்தியவர். மிஷிகன் என்ற பெயரைக்கூட உச்சரிக்க மாட்டார். 'வடக்கே இருக்கும் அந்த டீம்' என்றுதான் சொல்வார். 1969-ல் மிஷிகனுக்குக் கோச்சாக வந்த போ ஷெம்பெக்லர், ஹேய்ஸிடம் ஆடியவர், பிறகு அவருக்கே உதவிக் கோச்சாக இருந்தவர். குருவுக்கு எதிராகச் சிஷ்யன் நின்ற அந்தப் பத்து ஆண்டுகளுக்குப் 'பத்தாண்டுப் போர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைசிக் கணக்கில் மிஷிகனுக்கு ஐந்து வெற்றி, ஓஹியோ ஸ்டேட்டுக்கு நான்கு, ஒன்று சமன்.

அந்தக் காலத்தில் தன்னை அடக்கத் தெரியாதவர்கள் வீரர்கள் அல்ல, பெரியவர்தான். 1971-ல் ஆன் ஆர்பரில் கடைசி நிமிடங்களில் தன் அணியின் பாஸை மிஷிகன் வீரர் பறித்தபோது, அது தவறான ஆட்டம் என்று ஹேய்ஸ் மைதானத்துக்குள்ளேயே பாய்ந்து நடுவர்களிடம் கத்தினார். பிறகு எல்லைக்கோட்டுக்கு வந்து அங்கிருந்த அடையாளக் குச்சியை உடைத்தார், துணியைக் கிழித்தார். 1977-ல் அதே ஊரில், தன் அணி பந்தைத் தவறவிட்ட கணத்தில் தன்னைப் படம்பிடித்துக்கொண்டிருந்த டிவி கேமராமேனைக் குத்தினார். அதற்குப் பிறகும் அடுத்த சீசனுக்கு அவரே கோச். ஜெயித்துக் கொடுக்கிறவர் என்பதால் பல்கலைக்கழகம் பொறுத்துக்கொண்டது. அந்தப் பொறுமைதான் அடுத்து நடந்ததற்கு வழிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

1978 டிசம்பர் 29 இரவு, ஃபுளோரிடாவில் கேட்டர் பௌல் ஆட்டம். எதிரணி கிளெம்சன். கடைசி நிமிடங்களில் ஓஹியோ ஸ்டேட்டின் பாஸைப் பிடித்த சார்லி பௌமன், பந்தோடு ஓடி வந்து ஓஹியோ ஸ்டேட் அணி நின்ற பக்கத்தில் கோட்டுக்கு வெளியே விழுந்தார். எழுந்த இளைஞனின் சட்டையைப் பிடித்துக் கழுத்தில் குத்துவிட்டார் ஹேய்ஸ். அவருக்கு அப்போது 65 வயது. தடுக்க வந்த தன் அணி வீரனையும் உதறினார். டிவி வர்ணனையாளர்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே அவருடைய வேலை போய்விட்டது. 5 தேசியப் பட்டங்கள், 200-க்கும் மேற்பட்ட வெற்றிகள், எதுவும் குறுக்கே நிற்கவில்லை. அடித்தவர் போனார். விசாரணைக் குழுவும் இல்லை, அபராதமும் இல்லை.

மரியாதை இருந்தது என்று பழையவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. பதவி போன பிறகும் ஹேய்ஸும் போ ஷெம்பெக்லரும் நண்பர்களாகவே இருந்தார்கள். 1987-ல் உடல் நலிந்து கிடந்த ஹேய்ஸ், தன் கடைசி நாட்களில் டேட்டன் நகரம் வரை போய், ஒரு விருந்தில் போவைச் சபைக்கு அறிமுகம் செய்து பேசினார். 2006-ல் போ இறந்ததற்கு மறுநாளே இரு அணிகளும் ஓஹியோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் மோதின. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையிலான ஆட்டம் அது. எதிரியின் பழைய கோச்சுக்காகக் கொலம்பஸ் மைதானம் எழுந்து மௌனமாக நின்றது.

இன்றைக்கு வருவோம். விதிப்புத்தகம் தடித்துவிட்டது. ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை நடத்தைக் குற்றம் செய்தால் வீரன் வெளியே. 2016 முதல் கோச்சுக்கும் அதே விதி. 1971-ல் ஹேய்ஸ் ஆடிய ஆட்டத்தை இன்று ஆடினால் பாதியிலேயே உடைமாற்றும் அறைக்குப் போயிருப்பார். ஹெல்மெட்டால் தலையைக் குறிவைத்து முட்டினால் 2013 முதல் வெளியேற்றம். எதிரணியைக் கேலி செய்துகொண்டே டச்டவுன் கோட்டைத் தாண்டினால் 2011 முதல் அந்த டச்டவுனே செல்லாது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள், உயிர் காப்பவையும் கூட. ஆட்டம் நடக்கும் நேரத்தில் 1970-களைவிட இன்று ஒழுங்கு அதிகம் என்றே சொல்வேன்.

சிக்கல் கடைசி விசிலுக்குப் பிறகுதான். 2024 நவம்பர் 30 அன்று, தேசிய அளவில் இரண்டாம் இடத்தில் இருந்த ஓஹியோ ஸ்டேட்டை, அந்த சீசனில் ஐந்து ஆட்டம் தோற்றிருந்த மிஷிகன் கொலம்பஸிலேயே 13-10 என்று சாய்த்தது. வெற்றிக் களிப்பில் மிஷிகன் வீரர்கள் தங்கள் கொடியை மைதானத்தின் நடுவே, ஓஹியோ ஸ்டேட்டின் சின்னத்தின் மேல் நட்டார்கள். தோற்றவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜாக் சாயர் கம்பத்திலிருந்து கொடியைப் பிடுங்கினார். தள்ளுமுள்ளு கைகலப்பானது, போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. வீரர்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு தடுமாறியதை நாடே பார்த்தது. சிறிது நேரத்தில் மிஷிகனின் கேலல் மல்லிங்ஸ் டிவியில் பேசும்போது, இப்படிப்பட்ட காட்சி ஆட்டத்துக்கே கெடுதல் என்று வருந்தினார். ஆனால் சண்டைக்குக் காரணம் முழுக்க எதிரணிதான் என்ற தொனியும் அதில் இருந்தது. ஓஹியோ ஸ்டேட் கோச் ரயன் டே, எங்கள் மைதானத்தில் கொடி நட எங்கள் பையன்கள் விடமாட்டார்கள் என்ற பொருளில் பேசினார். யாரும் தன் அணிப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

மறுநாள் இரு அணிகளும் ஆடும் சம்மேளனத்தின் தீர்ப்பு வந்தது. இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம். விளையாட்டில் மட்டும் ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்க்கும் நிறுவனங்கள் அவை. கை ஓங்கியவர்களில் எவருக்கும் ஒரு ஆட்டம்கூடத் தடை இல்லை. ஓஹியோ சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், அந்த மைதானத்தில் கொடி நடுவதையே குற்றமாக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். கொடி நட்டவனைச் சிறைக்கு அனுப்ப ஒரு மசோதா, குத்தியவனை அடுத்த ஆட்டத்தில் இறக்கிவிடும் ஒரு சம்மேளனம். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. கொடி நடுவது அவமதிப்பு, அவ்வளவுதான். அதற்கு ஓர் ஆட்டத் தடை போதும்.

வேறு வழியே இல்லை என்று சொல்லவும் முடியாது. 2022 அக்டோபரில் மிஷிகன் மைதானத்தின் சுரங்கப்பாதையில், தோற்றுப்போன எதிரணியான மிஷிகன் ஸ்டேட்டின் வீரர்கள் இரண்டு மிஷிகன் வீரர்களைச் சூழ்ந்து அடித்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டாலேயே அடித்தார். அப்போதும் 1 லட்சம் டாலர் அபராதம் உண்டு. ஆனால் சம்பந்தப்பட்ட வீரர்களைப் பெயர் சொல்லி இடைநீக்கம் செய்தார்கள், வழக்கும் நடந்தது.

ஹேய்ஸ் காலத்துக் கோச் கையில் வீரனின் எதிர்காலமே இருந்தது. கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும், ஒரு காசும் பார்க்க முடியாது. இன்று வீரன் 2021 முதல் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். பிடிக்காவிட்டால் வேறு கல்லூரிக்குப் போய் உடனே ஆடலாம். இது அவனுக்கு வர வேண்டிய உரிமை, தாமதமாக வந்தது. சம்பாதிக்கும் உரிமை உள்ளவனை, தன் கைக்குத் தானே பொறுப்பேற்கும் பெரியவனாகவும் நடத்துவதுதான் முறை. அபராதத்தைப் பல்கலைக்கழகக் கஜானாவிலிருந்து கட்டும்வரை அவன் குழந்தையாகவே நடத்தப்படுகிறான்.

இந்த ஆட்டத்தை நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை விசிலுக்குப் பிறகு கை நீண்டால், வீடியோவைப் பாருங்கள், முதலில் அடித்தவனின் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த ஆட்டத்தில் அவனை வெளியே உட்கார வையுங்கள். அது நட்சத்திர வீரனாக இருந்தாலும் சரி, கோச்சாக இருந்தாலும் சரி.