நூல் சுற்றினால் ரோபோ ஓடும்!

"பையன் படிப்புக்காக" என்று சொல்லித்தான் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் கேம்ஸ் மட்டும்தான் ஓடும். பள்ளிகொண்டாவில் என் அக்கா வீட்டிலும் இதே கதைதான். அக்காவும் அவர் கணவரும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். ஓவர்டைம் பணத்தில் கம்ப்யூட்டரோடு ஒரு ரோபோ கிட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒயரை மாற்றிச் செருகியதில் முதல் நாளே அதன் போர்டு போய்விட்டது. ஏழாவது படிக்கும் பையன், "எனக்கு இதெல்லாம் வராது மாமா" என்று ஒதுங்கிவிட்டான். போன பணத்தை விட இந்த வார்த்தைதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது கம்ப்யூட்டரை ஆன் செய்யவே இல்லை. அவனுக்கு ஹீரோனைப் பற்றிச் சொன்னேன்.

மின்சாரம் இல்லாத ரோபோ

ஹீரோன், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் வாழ்ந்தவர். தானாக ஓடும் வண்டி ஒன்றை விவரித்து எழுதியிருக்கிறார். தானியத்தின் மேல் ஒரு எடை. அடியில் உள்ள துளை வழியே தானியம் கொட்டக் கொட்ட எடை கீழே இறங்கும். எடையில் கட்டிய கயிறு அச்சை இழுத்துச் சுற்றும். கயிற்றை அச்சில் எந்தப் பக்கம் சுற்றுகிறோமோ, அதன்படி வண்டி முன்னாலோ பின்னாலோ போகும்.

நாங்கள் பயன்படுத்தியவை இவைதான்:

- அட்டைப் பலகை, அதன் மேல் நிற்க வைத்த பிவிசி பைப்
- ஒன்றரை செ.மீ. தடிமன் உள்ள மரக்குச்சி (பின் அச்சு), அதில் அடித்த சிறு ஆணி
- 6 செ.மீ. அகலமுள்ள மூடிகள் (சக்கரம்). வழுக்காமல் இருக்க, சுற்றிலும் ஒட்டிய தோல் துண்டு
- அரை கிலோ எடைக்கல், நூல், கேழ்வரகு

நூலை எடைக்கல்லில் கட்டி, பைப்பின் மேல் விளிம்பு வழியாகக் கீழே கொண்டுவந்து அச்சில் சுற்ற வேண்டும். அச்சு ஒரு சுற்று சுற்றினால் வண்டி 19 செ.மீ. நகரும். முன்னால் மூன்று சுற்று, பின்னால் மூன்று சுற்று என்று முடிவு செய்தோம். திசை மாறும் இடத்தில் நூலை ஆணியில் மாட்டி, எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும்.

துளையைத் திறந்தான். வண்டி முதலில் பின்னால் போய்ச் சுவரில் இடித்தது! பையன் முகம் வாடியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நூலை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தவன் திடீரென்று சொன்னான்: "கடைசியா சுத்தினதுதான் முதல்ல அவிழுது மாமா. நான்தான் தலைகீழா சுத்திட்டேன். வண்டி சரியாத்தான் ஓடியிருக்கு."

புரோகிராம் எழுதுபவர்கள் தினமும் செய்யும் வேலை இதுதான். இயந்திரம் நாம் சொன்னதைத்தான் செய்யும். தவறு நாம் கொடுத்த கட்டளையில் இருக்கும். அதைத் தேடித் திருத்தலாம்.

இனி கம்ப்யூட்டருக்கு வரலாம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007ல் வெளியிட்ட ஸ்கிராட்ச் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்த பின் இன்டர்நெட் இல்லாமலும் இயங்கும். பச்சைக் கொடி பிளாக்கின் கீழே ரிப்பீட் பிளாக்கை இழுத்து வையுங்கள். அதில் 3 என்று டைப் செய்து, உள்ளே மூவ் பிளாக்கைப் போடுங்கள். அதன் கீழே இன்னொரு ரிப்பீட் வைத்து, அதற்குள் உள்ள மூவ் பிளாக்கில் மைனஸ் 10 கொடுங்கள். பச்சைக் கொடியை கிளிக் செய்தால் திரையில் உள்ள பூனை முன்னால் போய்ப் பின்னால் வரும். "இது நம்ம நூல்தானே!" என்றான் பையன்.

அடுத்த கட்டமாக, மைக்ரோபிட் என்னும் சிறு போர்டை இயக்கிப் பழகலாம். மேக்கோட் இணையதளத்தில் அந்த போர்டின் மாதிரி திரையிலேயே இயங்குகிறது. அதனால் போர்டு வாங்காமலே பழகலாம். எதுவும் எரிந்து போகாது. கிட் வாங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஆசான்

கோவையின் ஜி.டி. நாயுடு (1893-1974) இளமையில் ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைக் கழற்றி மாட்டித்தான் இயந்திரங்களைக் கற்றார். பின்னாளில் பேட்டரியில் இயங்கும் ரேசரை உருவாக்கினார். கோவையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

எங்கள் பையனின் அடுத்த திட்டம், பேட்டரியும் சிறு மோட்டாரும் வைத்து ஒரு வண்டி. போன வாரம் போனில், "ஓடல மாமா" என்றான். நான் பதில் சொல்வதற்குள், "இருங்க, எங்க தப்புன்னு பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான்.