முதல் படத்தில் தெரியாத முறிவு

“வண்டியிலிருந்து கையூன்றி விழுந்தேன். எக்ஸ்ரே பார்த்து முறிவு இல்லை என்றார்கள். வலி விடவில்லை. இரண்டு வாரம் கழித்து எடுத்தால் முறிவு இருக்கிறதாம். முதலில் பார்த்தவர் கோட்டை விட்டாரா?”

பல சமயம் இல்லை. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இருக்கும் ஸ்காபாய்டு என்ற சிற்றெலும்பின் குணம் அது. முறிந்த துண்டுகள் விலகாமல் ஒட்டி நின்றால், கதிர் அந்தக் கீறலின் போக்கிலேயே நுழைந்தால்தான் படத்தில் கோடு விழும். சற்றுச் சாய்ந்தாலும் முன்னும் பின்னும் உள்ள எலும்பு மறைத்துவிடும். எந்த முறிவுக்கும் குறைந்தது இரண்டு கோணத்தில் எடுப்பார்கள். இதற்கு நான்குகூட எடுப்பதுண்டு. அப்படியும் நழுவும்.

பிறகு எப்படித் தெரிகிறது? கொத்தனார் சுவர் விரிசலை அப்படியே பூசி மூடுவதில்லை. உளியால் இருபுறமும் கொத்தி அகலப்படுத்திய பிறகே கலவை அடிப்பார். எலும்பிலும் அதே கதைதான்: முறிவின் விளிம்பில் ரத்தம் கிடைக்காமல் எலும்பு செத்துப்போகும். அதைக் கொத்த ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் வருகின்றன. அமிலம் சுரந்து கால்சியத்தைக் கரைக்கின்றன, நொதியால் கொலாஜனைச் சிதைக்கின்றன. கால்சியம் போன இடத்தில் கதிர் தாராளமாகப் பாய, கோடு கறுக்கிறது. ஆறுவதற்கான முதல் வேலைதான் படத்தில் முறிவாகத் தெரிகிறது! பூசுவதற்கு அடுத்து ஆஸ்டியோபிளாஸ்ட் வரும். மாவுக்கட்டுதான் சாரம். இந்தக் கொத்தனார் முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவதில்லை என்பது ஆறுதல். ஆனால் ஸ்காபாய்டின் மேல்முனைக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்தே திரும்பி வர வேண்டும். முறிவு அந்த வழியை அடைத்துவிட்டால், சரக்கு வராமல் அந்தத் துண்டே செத்துப்போகலாம்.

  

இப்போது செயற்கை நுண்ணறிவு முறிவுகளைக் கண்டுபிடிக்கும் என்று ஆரவாரம். நெரிசலான அவசரப் பிரிவில் அசதியான கண்ணுக்கு அது துணையாகலாம். படத்தில் விழாத கோட்டை எந்த மென்பொருள் வாசிக்கும்? எம்.ஆர்.ஐ. முதல் சில நாள்களிலேயே காட்டிவிடும்; செலவுதான் இடிக்கும்.

கட்டைவிரலை விரித்துத் தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டோரம் ஒரு குழி விழும். கையூன்றி விழுந்தபின் அங்கே அழுத்தும்போது வலித்தால், படம் ‘நார்மல்’ என்றாலும் போட்ட கட்டைப் பிரிக்காதீர்கள். 10 முதல் 14 நாளுக்குள் மறுபடியும் படம் எடுத்துப் பாருங்கள்.