எண்ணெய்க் கசிவு

வீட்டு முற்றத்தில் இரவு முழுதும் நின்ற மோட்டார் சைக்கிளைக் காலையில் நகர்த்தியதும், அது நின்ற இடத்தில் கறுத்த எண்ணெய்ப் பொட்டு ஒன்று தென்படுவதுண்டு. பலர் அதனைக் கந்தையால் துடைத்துவிட்டுத் தம் வேலைக்குச் செல்வர். பொட்டு சிறிதே, அதனைப் புறக்கணிப்பதால் விளையும் கேடோ பெரிது.

எஞ்சினுள் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து தேயாமல் காப்பது எண்ணெய். அங்கு எழும் வெப்பத்தில் ஒரு பகுதியை ஏற்று வெளிச்சுவருக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. அதன் அளவு மிகக் குறைந்தால், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிவிடும். ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரெனச் சுழலாது நிற்கவும் கூடும். கசிந்த எண்ணெய் டயரில் படிந்தால் வண்டி வழுக்கும். பிரேக்கில் படிந்தால் பிரேக் பிடிக்காது. ஆதலின், கசிவைத் தடுத்தல் தூய்மைக்காக மட்டுமன்று, உயிர்க்காவலுக்காகவும் ஆம்.

எஞ்சின் ஒரே வார்ப்பாக அமைந்ததன்று. பல உறுப்புகளை இணைத்து ஆக்கியது. அசையாத இரு உறுப்புகள் கூடும் இடத்தில், தாளாலோ உலோகத் தகட்டாலோ ஆகிய மெல்லிய இடைத்தகடு வைக்கப்படும். இதனைக் கேஸ்கெட் என்றும், பணிமனைகளில் பேக்கிங் என்றும் வழங்குவர். உலோகப் பரப்புகளில் கண்ணுக்குப் புலனாகாத மேடு பள்ளங்களை இது நிரப்புகின்றது. சுழலும் தண்டு எஞ்சினிலிருந்து வெளிவரும் இடத்திற்கு இது பொருந்தாது; அங்கு ஆயில் சீல் என்னும் வளையம் வேண்டும். அதன் ரப்பர் உதட்டைச் சிறு சுருள்வில் ஒன்று தண்டின்மேல் மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும்.

நாள்பட்ட வெப்பத்தால் ரப்பர் விறைத்துப் போதலும், பேக்கிங் காய்ந்து சுருங்குதலும் கசிவுக்குரிய காரணங்கள். கசிவை நிறுத்தக் கருதிப் போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்குவதும் கேடே. அதனால் மூடி வளைந்து கசிவு மிகும்.

இவற்றினும் மறைவான காரணம் ஒன்றுண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது கீழறையிலுள்ள காற்று நெருக்குண்ணும். அது வெளியேறுவதற்கென்று பிரீதர் என்னும் மூச்சுக்குழல் உண்டு. அக்குழல் அழுக்கால் அடைபட்டாலோ, மடிந்து நசுங்கினாலோ, உள்ளழுத்தம் எண்ணெயை இணைப்புகளின் வழியே வெளியே தள்ளும். புதிய சீலைப் பொருத்திய சின்னாளில் கசிவு மீண்டால், சீலைப் பழிப்பவர் பலர். மூச்சுக்குழலை நோக்குபவர் சிலரே.

அமைப்பும் கசிவுக்குக் காரணமாதல் உண்டு. பழைய பிரிட்டன் நாட்டு வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் கீழறை இடம், வலம் என இரு பாதிகளாகப் பிரிந்திருக்கும். இணைப்புக் கோடு அடிப்பகுதி வழியே செல்லும். ஹோண்டா நிறுவனம் 1969ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த சி.பி.750 வண்டியில் அவ்வறை மேல், கீழ் எனக் கிடையாகப் பிரிந்தது. இணைப்பு மேலே அமைந்ததால் கசிவுக்கு இடம் குறைந்தது.

எண்ணெய் சொட்டும் இடமே கசியும் இடமென்று துணிதல் தவறு. எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே, குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயால் துடைத்து நன்கு உலர்த்தி, வெண்ணிறப் பவுடரை மெல்லத் தூவ வேண்டும். பின்னர் வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டி நிறுத்திப் பார்த்தால், முதலில் நனைந்த இடம் தானே தெரியும். எண்ணெயின் அளவையும் நோக்குதல் வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கசிவு உண்டாகும்.

பேக்கிங் கெட்டிருப்பின், எண்ணெயை வடித்து, மூடியைக் கழற்றி, ஒட்டிய பழைய துணுக்குகளைக் கீறல் விழாமல் நீக்க வேண்டும். பழைய பேக்கிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு பயப்பது. ஆதலின் உலர்ந்த நிலையில் சுரண்டாது, நன்கு நனைத்தே அகற்றுதல் வேண்டும். புதிய பேக்கிங்கை வைத்தபின், போல்ட்டுகளை ஒன்றற்கொன்று எதிர் முகமாகச் சிறிது சிறிதாக, உற்பத்தியாளர் குறித்த அளவுக்கே முறுக்க வேண்டும்.

சீலை மாற்றும்போது தண்டில் பள்ளமோ கூர்முனையோ உளதா என்று முதலில் ஆராய வேண்டும். இருப்பின், புதிய உதடும் விரைவில் கிழிபடும். உதட்டில் எண்ணெய் தடவி, சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்குமாறு வைத்துச் சாயாமல் அழுத்துக. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றலாகாது. மூடிய கலத்தில் சேர்த்து, கழிவெண்ணெய் பெறுவோரிடம் அளித்தல் வேண்டும்.

தரையிலுள்ள பொட்டைத் துடைப்பவன் ஒரு நாளைக்குத் தூய்மை பெறுகின்றான். பொட்டு எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று தேடுபவனோ தன் வண்டியையும், அதில் ஏறிச் செல்வோரையும் காக்கின்றான்.